2012 முதல் வாங்கிய மூன்று பழைய ராணுவ ரைஃபிள்கள்: என் பயன்பாட்டு அனுபவம்

கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012-ல் ரஷ்ய ரைஃபிளான ஒரு மோசின் நாகன் 91/30, 110 டாலர். 2015-ல் இந்தியாவில் செய்த ஒரு இஷாப்பூர் 2ஏ1, 280 டாலர். 2021-ல் பிரிட்டிஷ் ரைஃபிளான ஒரு லீ என்ஃபீல்ட் நம்பர் 4, 525 டாலர். மூன்றில் நிலைமை மிக மோசமாக இருந்தது கடைசியாக வாங்கியதுதான். பழைய ராணுவ ரைஃபிள் சந்தை எப்படி மாறியது என்பதற்கு என் வீட்டு அலமாரியே சாட்சி.

நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். விசாவில் இருந்தவரை எனக்குத் துப்பாக்கி வாங்க அனுமதி இல்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் ஆரம்பித்தேன். சேகரிப்பவர்களுக்கென்று இங்கே ஒரு மத்திய அரசு உரிமம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு 30 டாலர். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை அந்த உரிமத்தை வைத்து நேரடியாக வீட்டுக்கே வரவழைக்கலாம். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே இந்த உரிமத்தை எடுத்துவிடுவது நல்லது.

மோசினிலிருந்து தொடங்குகிறேன். 1943-ல் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்தது. போர் உச்சத்தில் இருந்த நேரம் என்பதால் உலோகத்தில் கடைசல் தடங்கள் அப்படியே தெரியும். தேய்த்து மெருகேற்ற அன்றைக்கு யாருக்கும் நேரம் இல்லை. போருக்குப் பிறகு சோவியத் கிடங்கில் பழுது பார்த்து, மரத்துக்கு ஷெல்லாக் என்ற அரக்கு மெருகு பூசி, காஸ்மோலின் என்ற கெட்டியான மசகில் தோய்த்து அடுக்கிவிட்டார்கள். என்னிடம் வந்தபோது மரத்தின் இடுக்கெல்லாம் தேன் நிறத்தில் அந்த மசகுதான். ஜூலை வெயிலில் கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டு இரண்டு நாள் வைத்தேன், உருகி வடிந்தது. தோட்டா அறைக்குள் காய்ந்து போயிருந்ததை மட்டும் சுரண்டி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை சுட்ட பிறகு, அந்த அறையை மூடும் போல்ட்டைத் திறக்க உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டியிருந்தது. சுத்தமான பிறகு அந்தப் பிரச்சினை வரவே இல்லை.

அன்றைக்கு 440 தோட்டாக்கள் கொண்ட சீல் வைத்த தகர டப்பா 80 டாலருக்குக் கிடைத்தது. அந்தப் பழைய தோட்டாக்களின் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது ஒருவகை உப்பாகிக் குழலுக்குள் படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கொண்டுவரும். ஒருமுறை இரவாகிவிட்டதே என்று காலையில் கழுவிக்கொள்ளலாம் என விட்டேன். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் குழல் முழுக்கச் செம்மண் நிறம். தேய்த்ததும் போய்விட்டது, ஆனால் அன்றிலிருந்து வீடு திரும்பியதும் முதல் வேலை கெட்டிலில் வெந்நீர்தான். கண்ணாடி துடைக்கும் திரவம் ஊற்றினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். அதில் உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். வெந்நீரே ஊற்றுங்கள், நன்றாகத் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள்.

100 கெஜத்தில் நான்கு அங்குலத்துக்குள் ஐந்து குண்டுகள் விழும். எனக்கு அது போதும். இன்று அந்த டப்பாக்களைப் பார்க்க முடிவதில்லை. 2021-ல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்க அரசு நிறுத்தியதும் மிச்சமிருந்த புதுத் தோட்டா வரத்தும் சுருங்கிவிட்டது.

சரி, இஷாப்பூருக்கு வருகிறேன். என் மனசுக்கு மிக நெருங்கியது இதுதான்.

எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் பாரா நிற்கும் காவலர் கையில் இருந்தது "த்ரீ நாட் த்ரீ" என்ற லீ என்ஃபீல்ட். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் பார்த்த அந்த மொட்டை மூக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2ஏ1 அதே உருவம்தான், தோட்டா மட்டும் வேறு. 1962 சீனப் போருக்குப் பிறகு, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் ஆலையில் பழைய லீ என்ஃபீல்டை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ப, இன்னும் வலுவான எஃகில் செய்தார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய போல்ட் ரைஃபிள்களின் காலம் உலகெங்கும் முடிந்துகொண்டிருந்தபோது புதிதாகச் செய்யப்பட்ட போல்ட் ரைஃபிள் இது. என்னுடையதில் 1967 என்று பொறித்திருக்கிறது.

பெட்டி வந்த அன்று சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். காட்டியதும் கேட்ட முதல் கேள்வி, "சிங்கம் இருக்கா பாரு தம்பி." கைப்பிடிக்கு மேலே உலோக வளையத்தில் அசோகச் சிங்கம் இருந்தது. அப்புறம், "பின்கட்டையத் திருப்பு. தகட்டுல ஒரு சின்னக் கதவு இருக்கும், நகத்தால தள்ளு" என்றார். தள்ளினேன். உள்ளே ஒரு எண்ணெய்ப் புட்டி, அதைச் சுற்றி நைந்துபோன ஒரு கயிறு. "புல் த்ரூ! இன்னும் இருக்குதா!" என்று அவர் போட்ட சத்தத்தில் சித்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். அந்தக் கயிற்றின் நுனியில் துணி கோத்துக் குழலுக்குள் எப்படி ஒரே இழுவையாக இழுக்க வேண்டும் என்று வெறுங்கையில் செய்து காட்டினார். அதே கயிற்றை நான் பயன்படுத்துவதில்லை, அறுந்துவிடும். ஆனால் இன்றுவரை அந்தக் கதவுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

சுடுவதற்கும் மூன்றில் இதுவே சிறந்தது. போல்ட் அவ்வளவு வழுக்கலாக ஓடுகிறது. ராணுவத் தரத் தோட்டா மட்டும்தான் போடுகிறேன். வேட்டைக்கான காரமான தோட்டாக்களைக் கொடுத்து இந்த வயதில் அதைச் சோதிக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பாகம்கூட மாற்றவில்லை.

நம்பர் 4-ஐ இணையத்தில் படம் பார்த்து வாங்கினேன். "மிக நல்ல நிலை" என்று விற்றவர் எழுதியிருந்தார். வந்ததைப் பார்த்தால் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் ரைஃபிளிங் வரிகளை மீறித் துருக்குழிகள். போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் வேறு வேறு. துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளி அளவுக்கு மேல் இருக்கிறது, இப்படியே சுடக் கூடாது என்றார். நம்பர் 4-க்கு 0 முதல் 3 வரை அளவு வாரியாக போல்ட் தலைகள் உண்டு, பெரியதாக மாற்றினால் இடைவெளி குறையும். என்னுடையதில் 1 இருந்தது. 3 வேண்டும். அதைத் தேடிப் பிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். இன்றைக்குச் சுட முடிகிறது, ஆனால் 100 கெஜத்தில் தட்டு அகலத்துக்குச் சிதறுகிறது.

விலை ஏறி, தரம் இறங்கி, ஏன் இப்படி ஆயிற்று என்று நிறைய யோசித்திருக்கிறேன். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டம் பழைய ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியை அடைத்தது. 80-களின் நடுவில் சேகரிப்புப் பொருட்களுக்கு மட்டும் கதவு திறந்தது. அப்புறம் சோவியத் ஒன்றியம் உடைந்து, உக்ரைன், ரஷ்யக் கிடங்குகளிலிருந்து மோசின்கள் மரப்பெட்டிகளில் வந்து குவிந்தன. அந்த வரத்துக்கு முடிவே இல்லை என்று நினைத்தோம். ஆனால் ராணுவங்கள் 1950-களுக்குப் பிறகு தானியங்கி ரைஃபிள்களுக்கு மாறிவிட்டன. அவை ஓய்வு பெற்றாலும் 1986 சட்டத்தின்படி இங்கே பொதுமக்கள் கைக்கு வர முடியாது. ஆக, இது ஊற்று நின்றுபோன கிணறு. இறைக்க இறைக்க அடிச்சேறுதான் வரும். சில ஆண்டுகளுக்கு முன் எத்தியோப்பியாவிலிருந்து ஒரு பெரிய சரக்கு வந்தது. என் கண்ணில் பட்டவற்றில் மரம் காய்ந்து பிளந்திருந்தது, குழல்கள் இருண்டிருந்தன.

இதற்கெல்லாம் மேலே எனக்கு வருத்தம் தருவது, முன்பு மலிவாகக் கிடைத்த காலத்தில் மான் வேட்டைக்கென்று முன்மரத்தை அறுத்துப் போட்ட ஆயிரக்கணக்கான என்ஃபீல்டுகள். அறுத்த மரம் திரும்ப வராது. உங்கள் கையில் ஒன்று முழுசாக இருந்தால் உப்புத்தாள் போடாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள்.

இப்போது வாங்க நினைப்பவர்கள் நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஒரு சின்ன டார்ச் கொண்டுபோங்கள். துப்பாக்கி காலியா என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றச் சொல்லிக் குழலைப் பாருங்கள். வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம், லேசான கருமை பரவாயில்லை. குழல் முனையையும் கவனியுங்கள். சுத்தம் செய்யும் கம்பி உரசி உரசி அங்கே தேய்ந்திருக்கும். மோசின்களில் தேய்ந்த பகுதியை அகலமாகக் கடைந்து எடுத்திருப்பார்கள், அது குறையல்ல. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இடைவெளியை அளக்காமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

போன மாதம் ஒரு கண்காட்சியில் என்னுடையதைப் போன்றே ஒரு 1943 இஷெவ்ஸ்க் மோசின். விலைச் சீட்டில் 475 டாலர். டார்ச் அடித்துப் பார்த்தேன், குழல் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற ஓர் இளைஞன் இது சரியான விலையா என்று கேட்டான். குழலை அவனுக்கும் காட்டினேன். அவன் வாங்கிக்கொண்டு போனான். வெந்நீர் விஷயத்தை மறக்காமல் சொல்லி அனுப்பினேன்.