வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை: கடலூர்க்காரர் வாங்கும்முன்

பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டண்ட் சபை எதை நம்புகிறது என்று கேட்பவர் கையில் முதலில் வைக்கப்படுவது, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் இந்தச் சிறு வினாவிடைதான். 1647-இல் லண்டனில் எழுதி முடித்தார்கள். அடுத்த வருடமே ஸ்காட்லாந்து சபை ஏற்றுக்கொண்டது. மொத்தம் 107 கேள்வி. சரக்கு நல்ல சரக்கு. ஆனால் கடலூரில் ஒரு லுத்தரன் வீட்டுப் பிள்ளையிடம் அப்படியே கொடுத்தால் பத்துக் கற்பனை, அதாவது பத்துக் கட்டளைப் பகுதியில் தடுமாறும்.

காரணம், எண். லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த லுத்தர் 1529-இல் எழுதிய ஞானோபதேசத்தில் (அதுவும் ஒரு வினாவிடைதான்) தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது நாலாம் கற்பனை. இதில் ஐந்தாம் கற்பனை. லுத்தரன்கள் விக்கிரகம் கூடாது என்பதை முதல் கற்பனையோடு சேர்த்துவிட்டு, கணக்குப் பத்து வரவேண்டுமே என்று பிறருடையதை இச்சிக்காதே என்பதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இங்கே விக்கிரகம் தனியாக இரண்டாவது, இச்சை முழுதும் பத்தாவது. 'ஆறாம் கற்பனை சொல்லு' என்றால் மஞ்சக்குப்பத்துப் பாட்டி விபசாரத்தைச் சொல்வார், புத்தகம் கொலையைச் சொல்லும். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகமே இருக்கிற ஊர், பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷன் 1860-களில் காலூன்றிய மாவட்டம். இந்தக் குழப்பம் இங்கே வராமல் எங்கே வரும்? 45 முதல் 81 வரையுள்ள கேள்விகளின் ஓரத்தில் லுத்தரன் எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளுக்கு இந்த வேலை இல்லை, அவர்கள் எண்ணும் இதேதான்.

தமிழாக்கம் தேறுமா என்று பார்க்க 33, 34, 35-ஆம் கேள்விகள் மூன்றையும் கடையிலேயே படித்துப் பாருங்கள். நீதிமானாக்கப்படுதலும் (பாவம் மன்னித்து நீதிமான் என்று ஏற்பது) புத்திரசுவிகாரமும் (தம் பிள்ளையாக ஏற்பது) தேவன் ஒரே தரம் செய்து முடிப்பவை. பரிசுத்தமாக்கப்படுதல் ஆயுள் முழுக்க நடப்பது. ஆங்கில மூலத்தில் இதற்காகவே முதல் இரண்டுக்கு 'act', மூன்றாவதற்கு 'work' என்று வெவ்வேறு சொல் போட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் 'செயல்' என்றே போட்டிருந்தால் வேறு பதிப்பு தேடுங்கள்.

ஓய்வுநாளுக்கு மட்டும் ஆறு கேள்வி (57–62), வேறு எந்தக் கற்பனைக்கும் இத்தனை இல்லை. மற்ற நாளில் தப்பில்லாத பொழுதுபோக்கும் அன்றைக்கு ஆகாது என்கிறது 60-ஆம் பதில். ஞாயிறு சாயங்காலம் சில்வர் பீச் போகலாமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் பதிலோடு உட்காரவேண்டும். 95 குழந்தை ஞானஸ்நானம், அதில் லுத்தரனுக்கும் சண்டையில்லை. 96-இல்தான் பிரிகிறது: அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தில் கிறிஸ்துவின் சரீரத்தைப் பெறுவது மாம்சப்பிரகாரமாக அல்ல, விசுவாசத்தினால் என்கிறது. அப்பத்தோடு மெய்யாகவே சரீரம் என்று கற்றவருக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

குறை என்றால் இரண்டு. சபையார் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கையான விசுவாசப்பிரமாணத்துக்கு வரிக்கு வரி விளக்கம் கிடையாது. லுத்தரில் அது தனிப் பகுதி. அடுத்தது விநோதம்: பிரஸ்பிட்டேரியன் என்ற பெயரே மூப்பர் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ஆனால் மூப்பர் யார், செஷன் (ஒரு சபையின் மூப்பர் குழு) என்ன, அதற்கு மேலே பிரஸ்பிட்டரி (பல சபைகளுக்குமான குழு) எதற்கு என்று 107 கேள்வியில் ஒன்றுகூட இல்லை. நம் பக்கத்தில் அந்தப் பெயர்ப்பலகை ஏன் அரிது என்பதும் இதில் கிடைக்காது. இங்கிருந்த பிரஸ்பிட்டேரியன்கள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தார்கள், 1947-இல் சி.எஸ்.ஐ. ஆனார்கள்; ஸ்காட்லாந்துக்காரர் 1821-இல் திறந்த சென்னை எழும்பூர் கிர்க் ஆலயமும் இன்று சி.எஸ்.ஐ.தான். சபை வரலாறு வேண்டுமென்றால் வேறு புத்தகம் வாங்கவேண்டும்.

ஒவ்வொரு கற்பனைக்கும் 'என்ன கேட்கிறது', 'என்ன விலக்குகிறது' என்று ஒரே அச்சில் கேள்வி வருவதால் மனப்பாடத்தில் இரண்டும் இடம் மாறும். வரிசையைக் கலைத்துக் கேளுங்கள். வாரம் இரண்டு கேள்வி என்றால் 54 ஞாயிறு ஆகிவிடும். 66 வரை இரண்டிரண்டாக 33 வாரம், 67–81 வாரத்துக்கு ஒரு கற்பனையாக 5 வாரம், மிச்சம் 13 வாரம் என்று போட்டால் 51-இல் முடியும். கிறிஸ்துமஸ் ஞாயிறு பிள்ளைகளுக்கு லீவு.