செட்டிநாட்டுச் சாலைகளில் போலோ ஜிடி டிஎஸ்ஐ: டயர் அளவும் ரீமேப்பும்

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் எதிராளி கேட்கும் முதல் கேள்வி, ‘ரீமேப் பண்ணியாச்சா?’ என்பதாகத்தான் இருக்கும். அதாவது, இன்ஜினை ஆளும் சாஃப்ட்வேரை மாற்றி சக்தியைக் கூட்டியாச்சா என்று. டயர் என்ன அளவு என்று யாரும் கேட்பதில்லை. இந்த வண்டியைப் பல வருஷமாகக் காரைக்குடியில் வைத்து ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் பக்கத்து ரோட்டுக்கு டயர்தான் முதல் செலவு. இன்ஜின் காத்திருக்கலாம்.

என்னுடையது 1.2 லிட்டர் பழைய மாடல். 105 பிஎஸ் குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 2013-ல் இந்தியாவுக்கு வந்த ரகம். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முந்தைய ஓனர் சென்னைக்காரர். கம்பெனி ரிம்மைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு 17 அங்குல அலாய் ரிம்மில் 205/40 டயர் போட்டிருந்தார். அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், சைட்வால் என்கிற பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. கோட்டையூர் தாண்டுவதற்குள் இது நமக்குச் சரிவராது என்று தெரிந்துவிட்டது.

காரணம் எளிது. திருச்சி ரோடும் மதுரை ரோடும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நாம் ஓட்டுவது அங்கே மட்டும் இல்லையே. பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று உள்ரோட்டில் புகுந்தால் தார் ஓரம் கடித்து வைத்த மாதிரி உடைந்திருக்கும். அதற்குக் கீழே செம்மண்ணும் சரளையும். எதிரே பஸ் வந்தால் இடதுபக்கச் சக்கரம் இரண்டையும் கீழே இறக்கித்தான் ஆகவேண்டும். திரும்ப ஏறும்போது அந்தத் தார் விளிம்பு டயரின் சைட்வாலை நேராக அறுக்கும். குழியில் விழுவதைவிட இந்த விளிம்புதான் மோசம். 205/40 ஆர்17 டயரில் சைட்வால் உயரம் 82 மில்லிமீட்டர்தான். அடி வாங்க ரப்பரே இல்லாததால் ரிம் வாங்கிக்கொள்ளும். முன் இடது ரிம்மின் உள்விளிம்பு வளைந்து, எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கியது. பிள்ளையார்பட்டிக்குப் பின்சீட்டில் வந்த அப்பத்தா, “ஏப்பா, இதுக்கு மாட்டுவண்டி தேவலை”யென்று சொன்னது தனிக்கதை.

கம்பெனி அளவு 185/60 ஆர்15. சைட்வால் 111 மில்லிமீட்டர், டயரின் மொத்த விட்டம் 603. பழைய ரிம்மையே கேட்டு வாங்கி, அதில் 195/60 ஆர்15 போட்டேன். சைட்வால் 117, விட்டம் 615. ஆறு அங்குல அகல ரிம்முக்கு 195 சிக்கலில்லாமல் உட்காரும். விட்டம் கூடியதில் பாதி, அதாவது ஆறு மில்லிமீட்டர், தரைக்கும் வண்டிக்கும் நடுவில் கூடுதலாகக் கிடைக்கிறது. ஊர் எல்லையில் போட்டிருக்கும் வேகத்தடைகளுக்கு அந்த ஆறு மில்லிமீட்டரே பெரிய விஷயம். ஸ்பீடோமீட்டர் இரண்டு சதவீதம் குறைத்துக் காட்டுமே என்று கேட்கலாம். கம்பெனியில் எப்போதுமே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வைத்து அனுப்புவார்கள்; அதில் இது கரைந்துவிடும். 16 அங்குலத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் 195/55 பார்க்கலாம், விட்டம் 621 வரும். மூன்று சதவீத வித்தியாசம். என் மனசுக்கு அதுதான் எல்லை. டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும், 88 என்றால் 560.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியது போல்ட் விவகாரம். இந்த வண்டியில் நட் கிடையாது, போல்ட்தான். கம்பெனி அலாய்க்கு வரும் போல்ட்டின் கழுத்து பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். வெளிமார்க்கெட் அலாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கழுத்து கூம்பாகச் சரிந்திருக்க வேண்டும். மரையும் நீளமும் ஒன்றாக இருந்தால் இரண்டுமே ஏறும், இறுகியது போலவும் தெரியும். ஆனால் உருண்டைக் குழியில் கூம்பு உட்கார்ந்தால் மெல்லிய வளையம் மட்டும்தான் ஒட்டும். ஓட ஓடத் தளரும். எனக்குப் பழைய ரிம் மாட்டும்போது கடைப் பையன் 17 அங்குலத்தின் போல்ட்டையே எடுத்தான். “அண்ணே, அதே மரைதாண்ணே, ஏறுது பாருங்க” என்று கையாலேயே சுற்றிக் காட்டினான். ஏறத்தான் செய்தது. டிக்கியில் கிடந்த பழைய போல்ட்டையும் அதையும் அவன் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவனே சிரித்துவிட்டான். அலாய் மாற்றுகிறவர்கள் தயவுசெய்து இதை ஒரு தடவை செய்துபாருங்கள்.

காற்று விஷயத்தில் ஒரு வரி. சித்திரை வெயிலில் மதியம் ஓடிவந்த டயரில் காற்று அளந்து, கூட இருக்கிறதென்று இறக்கிவிடாதீர்கள். பத்து டிகிரி சூட்டுக்கு இரண்டு பிஎஸ்ஐ வரை ஏறும். காலையில் வண்டி எடுக்கும் முன் அளப்பதுதான் கணக்கு.

டயர் சரியான பிறகுதான் ரீமேப்புக்குப் போனேன். ஸ்டேஜ் ஒன் மட்டும். அதாவது சாஃப்ட்வேர் மாற்றம், இரும்பு எதையும் தொடவில்லை. டியூனரிடம் குதிரைத்திறன் பற்றி நான் பேசவே இல்லை. டார்க்கை 220-க்குள் நிறுத்துங்கள், அதுவும் 2000 ஆர்பிஎம்முக்குப் பிறகு சாய்வாக ஏறட்டும் என்று மட்டும் சொன்னேன். இந்த ஏழு கியர் டிஎஸ்ஜி உலர் கிளட்ச் வகை. அதன் வடிவமைப்பு எல்லையே 250 நியூட்டன் மீட்டர். எல்லையை உரசிக்கொண்டு ஓட்டினால் கிளட்ச் தேயும். இன்னொன்று, நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பாய்ச்சும் டர்போ இன்ஜினில் கீழ் ஆர்பிஎம்மில் பெரிய சுமை கொடுத்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாக வெடிக்க வாய்ப்பு உண்டு. பிஸ்டனுக்கு அது எமன். 1500-லேயே முழு டார்க் என்று விளம்பரம் செய்கிற டியூன்களைக் கண்டால் நான் ஒதுங்கிப் போவது இதனால்தான்.

பலன்? திருமயம் பக்கம் லாரியை ஓவர்டேக் செய்யும்போது தெரிகிறது. முன்பு அழுத்தியதும் கியர்பாக்ஸ் இரண்டு கியர் இறங்கிக் கத்தும். இப்போது ஒரு கியர் இறங்கினாலே முடிந்துவிடுகிறது. சுற்றளவு கூடிய டயரால் குறைந்த இழுவையும் இதில் ஈடாகிவிட்டது. மழையில் மட்டும் கவனம். செம்மண் கரைந்து தாரில் பூசிக் கிடக்கும் நேரத்தில் காலை அழுத்தினால் முன்சக்கரம் சுழலப் பார்க்கும், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்பி-யின் விளக்கு மினுக்கும். 185 டயரோடு இந்த டியூனைப் போட்டிருந்தால் விளக்கு அணைந்தே இருந்திருக்காது.

டியூன் செய்தும் மாறாதது டிஎஸ்ஜியின் சூடு. தைப்பூசத்துக்கு நகரத்தார் பாதயாத்திரை குன்றக்குடியிலிருந்து கிளம்பி சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனி போகிற நாட்களில் அந்த ரோட்டில் போய்ப் பாருங்கள். காவடி முன்னால், கூட்டம் பின்னால், நம் வண்டி அதற்கும் பின்னால். பிரேக்கை அரைகுறையாக விட்டு ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் உரசிக்கொண்டே இருக்கும். நான் செய்வது: நன்றாக நிறுத்தி, முன்னால் நாலைந்து வண்டி இடைவெளி விழுந்ததும் பிரேக்கை முழுசாக விட்டு ஒரே நகர்வாக நகர்வது. கியர்பாக்ஸை மேனுவல் மோடுக்கு மாற்றி ஒன்றாம் கியரைப் பிடித்துக்கொண்டால் ஒன்று-இரண்டு-ஒன்று என்று அது தடுமாறாது. நீண்ட நேரம் நின்றால் நியூட்ரல். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார்தான், அடிக்கட்டும்.

ஏர் ஃபில்டரை சர்வீஸ் புத்தகம் சொல்கிற கணக்குக்கு விட்டுவைத்தால் நம் ஊரில் கட்டாது. பாக்ஸைத் திறந்தால் மடிப்பு மடிப்பாகச் சிவப்புத் தூசி, தட்டினால் தரையில் குங்குமம் கொட்டிய மாதிரி விழும். பாதிக் கணக்கிலேயே மாற்றிவிடுகிறேன், அதுவும் காகித ஃபில்டர்தான். துணி ஃபில்டர் போட்டால் பவர் கூடும் என்பார்கள். காற்றோடு தூசியும் தாராளமாகப் போகும் என்பது என் எண்ணம். டர்போவுக்குள் செம்மண் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

பெட்ரோல் 95 ஆக்டேன்தான் போடுகிறேன், டியூனும் அதற்கே செய்தது. 20 சதவீத எத்தனால் கலந்தது வந்த பிறகு மைலேஜ் இறங்கியிருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, இறங்காமல் என்ன செய்யும்? வாகனச் சோதனை நிறுவனமான ஏஆர்ஏஐ சொன்ன லிட்டருக்கு 17.2 கிலோமீட்டர் எல்லாம் எனக்குக் கிடைத்ததே இல்லை. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 15, கழனிவாசல் பக்கம் சுற்றினால் 10.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதிசெய்தது. இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லாமல் ரீமேப் செய்வது நல்லதல்ல, க்ளெய்ம் நேரத்தில் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். நான் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்போதுள்ள டயர் தேய்மானக் கோட்டை நெருங்கிவிட்டது. அடுத்த செட்டும் 195/60 ஆர்15-தான். பிராண்டை முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. கடையில் கழற்றிக் கொடுக்கும்போது டயர் ஓரத்தில் டிஓடி எழுத்துகளுக்குக் கடைசியில் இருக்கும் நாலு எண்ணைப் பார்ப்பேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். சின்ன ஊர்க் கடைகளில் இந்த அளவு மெதுவாக விற்பதால் பழைய ஸ்டாக் தலையில் கட்டப்படும் வாய்ப்பு அதிகம். ஆறு மாதத்துக்குள் தயாரித்தது நாலும் கிடைத்தால் எந்த பிராண்டும் எனக்குச் சம்மதம்.