ஏஜென்ட் வேலைக்கு ரெஸ்யூமே: கால வரிசையா, திறன் வரிசையா?

கால் சென்டர், ஹெல்ப் டெஸ்க், கவுன்ட்டர் என எந்த ஏஜென்ட் வேலைக்கு விண்ணப்பித்தாலும் பலர் தடுமாறும் இடம் இது. கால வரிசையில் கடைசியாகப் பார்த்த வேலை மேலே வரும். திறன் வரிசையில் ‘புகார் கையாளுதல்’, ‘சாட் சப்போர்ட்’ போன்ற தலைப்புகள் முதலில், வேலை விவரம் கீழே.

எழுதும் சிரமம்
கால வரிசை: எளிது. பதவி, மாதம், ஆண்டு, கீழே மூன்று நான்கு வரி.
திறன் வரிசை: ஒவ்வொரு திறனுக்கும் சான்று தேட வேண்டும்.

ரெஸ்யூமேக்களை முதலில் வடிகட்டும் மென்பொருள்
கால வரிசை: பதவியும் தேதியும் சரியாகப் பிடிபடும்.
திறன் வரிசை: எந்தத் திறன் எந்த வேலையில் வந்தது என்று பிரிக்கத் திணறும். டேபிளுக்குள் எழுதினால் வரிகளே கலைந்துவிடலாம்.

படிப்பவர் நம்பிக்கை
கால வரிசை: வேலையில் இல்லாத இடைவெளி பளிச்செனத் தெரியும்; ஒரே வரியில் காரணம் சொன்னால் போதும்.
திறன் வரிசை: எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் எழும்.

எதை எடுத்தாலும் வரிகளில் எண் இருக்கட்டும். ‘வாடிக்கையாளர்களிடம் இனிமையாகப் பேசுவேன்’ என்று யாரும் எழுதலாம். ‘ஒரு ஷிஃப்டில் சராசரியாக 60 அழைப்புகள், பெரும்பாலும் பில்லிங் புகார்கள்’ என்றால் வேலை கண்முன் தெரிகிறது. எண் உண்மையாக இருக்க வேண்டும். நேர்காணலில் அதைத்தான் குடைவார்கள்.

இதே துறையில் ஓராண்டாவது இருந்தவருக்குக் கால வரிசையே சரி. கடை விற்பனை, ஆசிரியப் பணி போன்றவற்றிலிருந்து மாறுபவர் திறன்களை முன்னே வைக்கலாம், ஆனால் தேதிகளை விடவே கூடாது.