கயலுக்குப் போர்முரசு ஒத்துவரவில்லை: ஓர் இசை ஆப்புடன் 14 மாதம்

இளையோருக்கான நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வரைவு ஓடுகிறது. நாயகி பெயர் கயல். 16 வயது, பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறவள். இந்த 14 மாதமும் எழுதும்போது என் காதில் ஓடியது ஒரே இசை ஆப்தான். அதற்கான விமர்சனம் இது. ஆப்பின் பெயரை எழுதவில்லை. சந்தா கட்டிக் கேட்கிற ஆப்கள் பெரும்பாலானவற்றில் பொத்தான்கள் ஏறக்குறைய ஒன்றுதான், பெயர் தெரியாததால் உங்களுக்கு நஷ்டமில்லை.

பாட்டு தேடுவது, டவுன்லோட் செய்வது, ஒலித்தரம் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். இலவசக் கணக்கில் மட்டும் எழுத உட்காராதீர்கள். கயலின் அப்பா காணாமல் போகிற பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் ஷாம்பு விளம்பரம் வந்து கூவியது. அன்று மாலையே சந்தா கட்டினேன். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான், தெரியும்.

எழுதுகிறவர்களுக்கென்றே இந்த ஆப் தயாராக அடுக்கி வைத்திருக்கும் பிளேலிஸ்ட்கள்தான் முக்கியமான விஷயம். 'வீரம்', 'போர்', 'எழுச்சி' என்ற ரகத்தில் நிறைய உண்டு. பெரிய டிரம்ஸ், அதற்கு மேல் கோரஸ், உச்சத்தில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும். கேட்டால் முதுகு தானாக நிமிர்கிறது. வலிமையான பெண்ணைப் பற்றி எழுத இதைவிட வேறென்ன வேண்டும் என்று முதல் வரைவு முழுவதையும் அதைக் கேட்டேதான் எழுதினேன்.

ஏழாவது அத்தியாயத்தில் ஒரு காட்சி. தோழி செய்யாத தவறை அவள் செய்ததாகச் சொல்லும் வாக்குமூலத்தில் கயலைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மேசையைச் சுற்றி ஐந்து பெரியவர்கள். டிரம்ஸ் முழங்க முழங்க எழுதினேன். கயல் நாற்காலியை உதைத்துத் தள்ளினாள், இரண்டு பக்கத்துக்கு உரை நிகழ்த்தினாள், கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினாள். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. இதைவிட நல்ல காட்சியை நான் எழுதியதே இல்லை என்று நம்பினேன்.

மறுநாள் காகிதத்தில் அச்செடுத்து, ஹெட்ஃபோன் இல்லாமல் படித்தேன். பள்ளி ஆண்டுவிழா நாடகம் மாதிரி இருந்தது. முந்தின நாள் என்னை அழவைத்தது ஆர்கெஸ்ட்ரா. தாளில் அதன் ஒரு சுரம்கூட ஒட்டியிருக்கவில்லை. என் மகளுக்கு 15 வயது, இந்த ரகப் புத்தகங்களை விழுங்குகிறவள். அவளிடம் கொடுத்தேன். நான்கு பக்கம் புரட்டிவிட்டு, "அம்மா, இவ ஏன் எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்கா?" என்றாள்.

ஆகவே 'வீரம்' பிளேலிஸ்ட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. ஓடிப்போய் வியர்க்க வேண்டுமானால் போட்டுக் கேட்கலாம்.

இரண்டாவது வரைவில் அந்தக் காட்சிக்கு ஒரே ஒரு செலோ இசைத்துணுக்கை எடுத்துக்கொண்டு ரிபீட் பொத்தானைத் தட்டிவிட்டேன். ஆறு நிமிடத் துண்டு, இழுத்து இழுத்துப் போகும். பத்துப் பன்னிரண்டு முறை சுற்றிய பிறகு அது காதில் விழுவதே நின்றுவிட்டது. இப்போது கயல் நாற்காலியை விட்டு எழவில்லை. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் நேராக வைக்கிறாள். "நான் போடல" என்கிறாள். கை நடுங்குகிறது, அதை மேசைக்கு அடியில் கொண்டுபோய்த் தொடைக்குக் கீழே அழுத்திக்கொள்கிறாள். ஐந்து பேரில் ஒருவர் அதைப் பார்த்துவிடுகிறார். அவ்வளவுதான் காட்சி, ஒன்றேகால் பக்கம். மகள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த அத்தியாயம் எங்கே என்று கேட்டாள்.

அந்த ரிபீட் பொத்தானுக்காகவே இந்த ஆப்பை மன்னிக்கலாம். இதே விலையில்லாப் பொத்தான் எந்த ஆப்பிலும் இருக்கும் என்பது வேறு விஷயம்.

வரிகள் உள்ள பாட்டு எனக்குச் சரிப்படவே இல்லை, அதிலும் தமிழ்ப் பாட்டு. ஒரு வாரம் முயன்று பார்த்தேன். கயலின் வசனத்தில் எதுகை வந்து உட்கார்ந்துகொண்டது. "வேலையும் இல்லை, மாலையும் இல்லை" என்று ஒரு மெக்கானிக் பெண் பேசுவாளா? இது ஆளுக்கு ஆள் மாறும். ட்வைலைட் வரிசையை எழுதிய ஸ்டெஃபனி மேயர் தன் நன்றியுரையில் மியூஸ் என்ற ராக் குழுவுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். பாட்டோடு எழுதியும் லட்சக்கணக்கானவர்களைப் படிக்க வைத்தார். அந்த பெல்லா வலிமையான நாயகிதானா என்று மட்டும் என் மகளிடம் கேட்டுவிடாதீர்கள், ஒரு மணி நேரம் போய்விடும். எனக்கு வாத்திய இசைதான். இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு வாத்திய ஆல்பமான 'ஹவ் டு நேம் இட்' ஒன்பதாவது அத்தியாயம் முழுவதும் கூடவே வந்தது. வயலின்கள் ஒன்றையொன்று துரத்தும் இடங்களில் என் வாக்கியங்களும் நீண்டுகொண்டே போயின. பிறகு உட்கார்ந்து வெட்டினேன்.

இனி எரிச்சல்கள். முதலாவது ஆட்டோபிளே. நம் பிளேலிஸ்ட் முடிந்ததும் ஆப் தன் விருப்பத்துக்கு எதையாவது தொடரும். ஒரு சாவுக் காட்சியின் கடைசிப் பத்தியில் குத்துப்பாட்டு வந்து விழுந்தது. செட்டிங்ஸில் அணைக்கலாம், ஆனால் அதை மூன்று அடுக்குக்கு உள்ளே புதைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது கிராஸ்ஃபேட், அதாவது ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் கலப்பது. விருந்துக்கு நல்லது. எழுதும்போது மௌனம் விழ வேண்டிய இடத்தை அது தின்றுவிடுகிறது. பூஜ்யத்தில் வையுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையாகவே வலித்தது. அந்த ஆறு நிமிடச் செலோ ஒரு நாள் காலையில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது. தட்டினால் ஓடவில்லை. உரிமை ஒப்பந்தம் முடிந்தால் இப்படிப் பாட்டுகள் ஆப்பிலிருந்து போய்விடும், டவுன்லோட் செய்து வைத்திருந்தாலும் பயனில்லை. சந்தா என்பது வாடகைதான் என்று தெரிந்துதான் கட்டினேன். இருந்தாலும் அந்தக் காலை ஒரு வரிகூட ஓடவில்லை. ஒரு காட்சி எந்த இசையை நம்பி நிற்கிறதோ அதைத் தனியாக விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஸ்லீப் டைமர். தூங்குவதற்காக வைத்திருக்கும் கருவி இது. நான் 45 நிமிடத்துக்கு வைத்துவிட்டு எழுதுகிறேன். இசை நின்றால் பேனாவும் நிற்கும். கடிகாரம் பார்க்கிற வேலை மிச்சம்.

செலோ போன பிறகுதான் இன்னொன்று புலப்பட்டது. அதுவரை எல்லாப் பட்டியலும் எனக்காகவே போட்டிருந்தேன். கயல் என்ன கேட்பாள்? ரேடியோ சரிசெய்கிறவள், அவள் காதில் எது ஓடும்? ஹங்கர் கேம்ஸ் வரிசையின் மூன்றாவது புத்தகத்தில், 2010-இல் வந்தது, நாயகி காட்னிஸ் அவள் அப்பா கற்றுத்தந்த ஒரு பாட்டைப் பாடுகிறாள். 2014-ஆம் ஆண்டுப் படத்தில் அது வாத்தியத் துணையில்லாமல் தனிக்குரலாகத் தொடங்கும். கூட்டமும் ஆர்கெஸ்ட்ராவும் பின்னால்தான் வந்து சேரும். நம்மிடமும் உண்டே. கல்கி 1950-இல் தொடங்கிய தொடரில் படகு வலிக்கும் பூங்குழலிக்கு ஒரு பாட்டைக் கொடுத்தார். அது பின்னணி இசை இல்லை, அவளே பாடுவது. கரையில் நிற்கிறவர்களுக்கு அவள் யாரென்று அந்தப் பாட்டே சொல்லிவிடும்.

அதனால் இப்போது இரண்டு பிளேலிஸ்ட். 'எனக்கு' என்பதில் வாத்திய இசை. 'கயலுக்கு' என்பதில் அவள் முணுமுணுக்கக்கூடியவை, அவளுக்குப் பிடிக்காமல் அணைத்துவிடக்கூடியவைகூட. இரண்டாவதை எழுதும்போது போடுவதில்லை, நடக்கும்போது கேட்கிறேன். இதனால் ஆப்பின் பரிந்துரைகள் குழம்பிப்போய்விட்டன. எனக்கு 16 வயது என்றே அது முடிவுகட்டிவிட்டது. ஒரே நேரத்தில் ஒரு கருவியில்தான் ஓடும் என்பதால், 'வேறு கருவியில் ஒலிக்கிறது' என்ற அறிவிப்பும் அடிக்கடி வருகிறது. மகள் என் கணக்கில் கயலின் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன், ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு. நேற்று கயலின் பட்டியலைத் திறந்தால் எட்டாவதாக நான் சேர்க்காத ஒரு பாட்டு இருந்தது. யார் சேர்த்தது என்று கேட்டேன். "அவளுக்குப் பிடிக்கும்மா" என்று பதில் வந்தது. பத்தாவது அத்தியாயத்தில் வைத்துப் பார்க்கிறேன்.