ரிட்டன்ஹவுஸ் ரை: மன்ஹாட்டனுக்கென்றே ஒரு விஸ்கி

மன்ஹாட்டன், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கில் பிறந்த காக்டெயில். ரை என்ற தானியத்தில் வடித்த ரை விஸ்கி, மூலிகை மணமேற்றிய ஒயினான இனிப்பு வெர்மூத், கசப்பு மூலிகைச் சாறான பிட்டர்ஸ் என மூன்றே சரக்கு. பழச்சாறும் இல்லை, சோடாவும் இல்லை. விஸ்கி சுமாராக இருந்தால் மறைக்க வழியே கிடையாது. கிராம்பு, பட்டை, உலர்ந்த பழம் என்று இதிலிருந்து எழும் மணம் அமெரிக்க இலையுதிர்காலத்தோடு அவ்வளவு பொருந்தும். அந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு ரை பாட்டில் வாங்குவதென்றால் ரிட்டன்ஹவுஸை வாங்குங்கள்.

பிலடெல்பியாவின் ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்தின் பெயரைத் தாங்கிய இந்த விஸ்கியை இப்போது கென்டக்கியில் ஹெவன் ஹில் நிறுவனம் வடிக்கிறது. லேபிளில் கவனிக்க வேண்டியது ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்ற வாசகம். 1897-இல் வந்த சட்டம் அது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்த சரக்காக இருக்க வேண்டும். அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு ஊற வேண்டும். 100 ப்ரூஃபில், அதாவது 50 சதவீத ஆல்கஹாலோடு பாட்டிலில் அடைக்க வேண்டும்.

அந்த 50 சதவீதம்தான் இதன் பலம். 60 மி.லி. விஸ்கியோடு 30 மி.லி. வெர்மூத் சேர்த்து ஐஸில் கலக்கும்போது ஏறக்குறைய 23 மி.லி. தண்ணீர் கரைந்து இறங்குகிறது. 50 சதவீத விஸ்கி என்றால் கிளாஸுக்கு வரும் கலவை 31 சதவீதத்தை ஒட்டி நிற்கும். 40 சதவீத விஸ்கியில் செய்தால் அது 26-க்கு அருகில் இறங்கிவிடும். அப்போது வெர்மூத்தின் இனிப்பு மேலே ஏறி, ரையின் மிளகுக் காரம் காணாமல் போகும். வீட்டில் செய்யும் மன்ஹாட்டன் பலருக்குத் தித்திப்புத் தண்ணீராக முடிவது இதனால்தான்.

தானியக் கலவையில் 51 சதவீதம் ரை, 35 சதவீதம் சோளம், மீதி முளைகட்டிய பார்லி. 95 சதவீத ரையில் செய்யும் விஸ்கிகளில் தூக்கலாக வரும் புதினா, சதகுப்பை வாசனை இதில் அடங்கியிருக்கும். சோளத்தால் கேரமல் இனிப்பு கூடியிருக்கும். ஆகவே வெர்மூத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். வனிலா மணம் தூக்கலான கார்பானோ அன்டிகா இதோடு சேர்ந்தால் கனத்துவிடுகிறது. அதை ஊற்றுவதானால் 25 மி.லி.யோடு நிறுத்துங்கள். லேசான கசப்புள்ள கோக்கி டி டொரினோ வெர்மூத் 30 மி.லி.க்குக் கச்சிதம்.

முதலில் கிளாஸை ஃப்ரீசரில் வையுங்கள். மிக்சிங் கிளாஸில் 60 மி.லி. ரை, 30 மி.லி. வெர்மூத், இரண்டு உதறல் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் ஊற்றி, ஐஸை முக்கால் அளவுக்கு மேல் நிரப்புங்கள். நாலே கட்டி போட்டால் குளிர்வதற்குள் கரைந்து நீர்த்துவிடும். பார் ஸ்பூனின் முதுகு கிளாஸின் உள்சுவரை ஒட்டிச் சுற்றும்படி 25 முதல் 30 விநாடி கலக்கி வடிகட்டுங்கள். குலுக்கக் கூடாது: காற்று புகுந்து கலங்கி, நுரை கட்டி, அந்தப் பட்டுப் போன்ற வழவழப்பு கெட்டுவிடும். மீன், வெங்காயம் இருக்கும் ஃப்ரீசரில் நாள்கணக்காகக் கிடந்த ஐஸ் வேண்டவே வேண்டாம். அந்த வாடை அப்படியே கிளாஸுக்கு வரும். செர்ரிக்கு லுக்சார்டோ போன்ற கருஞ்சிவப்பு வகையை எடுங்கள். சாயமேற்றிய பளீர் சிவப்பு செர்ரி வெறும் சர்க்கரைப் பாகைத்தான் கொண்டுவந்து சேர்க்கும்.

வெர்மூத் ஒயின் வகை என்பதை மறந்து திறந்த பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. மாதம் இரண்டு மூன்று கிளாஸ்தான் என்றால் 375 மி.லி. பாட்டில் வாங்குங்கள்.

ரிட்டன்ஹவுஸிலும் குறை உண்டு. தனியாகக் குடிக்கும்போது தொண்டையில் எரிச்சல் தெரியும், முடிவுச் சுவையும் நீளாது. நிதானமாகச் சப்பிக் குடிக்க விஸ்கி தேடுபவருக்கு இது ஏமாற்றம்தான்.

விஸ்கி, சர்க்கரை, பிட்டர்ஸ் சேர்ந்த ஓல்டு ஃபேஷன்ட் காக்டெயிலை மேப்பிள் சிரப் போட்டுச் செய்யவும் இது தாங்கும். ஆனால் சர்க்கரையும் தண்ணீரும் சமபங்கு சேர்த்த பாகைவிட மேப்பிள் அடர்த்தி, 10 மி.லி. பாகு ஊற்றும் இடத்தில் 7 மி.லி. போதும். ஆப்பிள் அறுவடைக் காலத்தில் மன்ஹாட்டனையே சற்று மாற்றலாம்: ரையை 45 மி.லி.யாகக் குறைத்து, லேர்ட்ஸ் பாண்டட் ஆப்பிள் பிராந்தி 15 மி.லி. சேருங்கள். அதுவும் 50 சதவீதம்தான் என்பதால் வெர்மூத் அளவை மாற்ற வேண்டியதில்லை. செர்ரிக்குப் பதில் ஆரஞ்சுத் தோலை, உள்ளிருக்கும் வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவி, கிளாஸுக்கு மேல் மடித்துப் பிழிந்தால் அதன் எண்ணெய் ஆப்பிள் மணத்தைத் தூக்கிக் கொடுக்கும்.