பைப் தேறியது, பெட்டி தேறவில்லை: பிரையர் பைப் ஒன்றின் நான்கு மாதக் கணக்கு

கடந்த வைகாசியில் இணைய விற்பனையாளர் ஒருவரிடமிருந்து 3,200 ரூபாய்க்கு, புகையிலை புகைப்பதற்கான, நேர்க் காம்புள்ள பிரையர் மரப் பைப் ஒன்றை வாங்கினேன். பைப்புடன் 9 மில்லிமீட்டர் கரி வடிகட்டிகள் பத்து, புகையிலையை அமுக்கவும் குத்தவும் சுரண்டவும் உதவும் எஃகுக் கருவி ஒன்று, புகைத்துளையைத் துடைக்கும் கம்பிகளான பைப் கிளீனர் ஒரு கட்டு, துணிப்பை, பயன்படுத்தும் முறையை அச்சிட்ட ஒரு தாள் ஆகியவை பெட்டியில் இருந்தன. நான்கு மாதங்களுக்குப் பின் என் கருத்தைக் கேட்டால், பைப்பை வாங்கலாம் என்பேன். பெட்டியில் இருந்த மற்றவற்றுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பேன். அந்தத் தாளை மட்டும் படிக்காமலே கிழித்துப் போட்டிருக்கலாம்.

முதலில் மரத்தைப் பற்றி. நம் நாட்டில் மரப் பைப் என்று விற்கப்படுபவற்றில் பல ஈட்டி மரத்திலோ சீசம் மரத்திலோ கடைந்தவை. அவை மேசையில் வைக்க அழகானவை, ஆனால் தணல் தாங்குவதில் பிரையருக்கு ஈடாகா. பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒருவகைப் புதர்மரத்தின் வேரடிக் கழலை. அதை வெட்டியெடுத்து, மணிக்கணக்கில் கொதிக்க வைத்துச் சாற்றை நீக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்திய பிறகே கடைசலுக்குக் கொண்டுபோவார்கள். எனக்கு வந்தது உண்மையான பிரையர்தான். புகையிலை இடும் கிண்ணத்தின் இருபுறமும் மரத்தின் ரேகை சிறுசிறு கண்களாகத் தெரிகிறது. எடை சமையலறைத் தராசில் 46 கிராம். அடிப்பக்கத்தில் இரண்டு இடங்களில் மரத்தின் இயற்கைக் குழிகளை மக்கு வைத்து மூடியிருக்கிறார்கள் என்பதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தபோது கண்டேன். இந்த விலையில் அதைக் குறையாகச் சொல்வது நியாயமாகாது.

குறை கிண்ணத்தின் உட்புறத்தில் இருந்தது. உட்சுவர் முழுவதும் கறுப்பாக இருந்ததால், முதற்சூட்டைத் தாங்குவதற்காகச் சில தயாரிப்பாளர்கள் பூசும் கரிப்பூச்சு என்றே நினைத்தேன். மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்தபோது துணி ஊதா கலந்த கறுப்பாக மாறியது. கரி அப்படிக் கரைந்து வராது. அது சாயம். சாயத்தின் மேல் தீ வைத்து அதன் புகையை இழுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதால், துணி வெளுப்பாக வரும்வரை ஆறு முறை துடைத்து, 400 எண் உப்புத்தாளை விரலில் சுற்றி இலேசாகத் தேய்த்து, இரண்டு நாள் காற்றாட வைத்தேன். காம்பைக் கழற்றிப் புகைத்துளையில் கிளீனரை விட்டபோது, துளையிட்ட மரத்தூள் ஒரு சிட்டிகை அளவு வெளியே வந்தது. புதுப் பைப் வாங்குவோர் எவராயினும், அது எத்தனை விலையுள்ளதாயினும், இந்த இரண்டு சோதனைகளையும் செய்துவிட்டுப் புகையிலையைத் தொடுவது நல்லது.

அடுத்தது பழக்குதல். புது மண்சட்டியில் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி, சிறுதீயில் வைத்து எடுத்துப் பழக்கிய பிறகே மீன்குழம்பு வைப்பது நம் வீடுகளின் வழக்கம், பைப்பும் அப்படித்தான். கிண்ணத்தின் உட்சுவரில் மெல்லிய கரிப்படிவு ஒன்று சீராக உருவாக வேண்டும். அது மரத்துக்கும் தணலுக்கும் நடுவே நின்று மரத்தைக் காக்கும். இதை விரைவாக உண்டாக்கச் சுவரில் தேன் தடவுங்கள் என்றது தாள். நானும் மார்த்தாண்டம் தேனை ஒரு துளி எடுத்து, தண்ணீர் கலந்து விரலால் பூசி, பைப்பைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டு உறங்கப் போனேன். காலையில் திண்டிலிருந்து கிண்ணத்தின் விளிம்புவரை எறும்புகள் ஒரே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பைப்பைக் கவிழ்த்துத் தட்டியபோது ஒரு கரண்டி எறும்பு விழுந்தது. எறும்பு ஒருபுறம் இருக்க, காற்றின் ஈரத்தை இழுக்கும் தேனை நம் குமரி மாவட்டத்து மழைக்காலத்தில் மரத்துக்குள் பூசுவது எப்படிப் பார்த்தாலும் பொருத்தமில்லை. துடைத்து எறிந்துவிட்டு, பழைய வழியில் பொறுமையாகத் தொடங்கினேன்.

அந்த வழி எளியது. முதல் பத்துத் தடவை கிண்ணத்தைப் பாதியளவே நிரப்பினேன். அடியில் தளர்வாகவும் மேலே போகப்போகச் சற்று இறுக்கமாகவும் புகையிலையை இட்டு, தீக்குச்சியின் மருந்து எரிந்து தீர்ந்த பிறகு மேற்பரப்பு முழுவதும் சுடரைச் சுற்றிக் காட்டினால், புகையிலை உப்பி எழும்பும். அதை மெல்ல அமுக்கிவிட்டு இரண்டாம் முறை பற்ற வைத்தால்தான் தணல் சீராக நிற்கும். அவசரமாக இழுத்தால் கிண்ணம் கையில் பிடிக்க முடியாதபடி சுடும், நாக்கும் எரியும். அப்படிச் சுட்டால் பைப்பை அணைந்துபோக விட்டுவிடுவதே சரி. அடிவரை எரிந்து தீர்வது முக்கியம், ஏனெனில் பாதியில் விட்டால் அடிப்பகுதி ஈரமாகவே தங்கி, படிவு மேலே மட்டும் தடிக்கும். ஏறத்தாழ இருபதாவது தடவைக்குப் பின் சுவர் முழுதும் மங்கிய கறுப்பாகி, மரத்தின் சுவை மறைந்து புகையிலையின் சுவை தெளிந்தது. படிவு ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டினால் போதும். தடிக்க விட்டால், சூட்டில் அது மரத்தைவிடக் கூடுதலாக விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடக்கூடும்.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கத்து உறவினர் வீட்டு மொட்டை மாடியில் பற்றவைத்தது என் தவறு. காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் கணவாய்க் காற்று தணலை ஊதி ஊதி எரித்ததில், விளிம்பின் ஒருபக்கம் கருகிவிட்டது. பைப்பைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. பொது இடங்களில் புகைப்பது 2008 அக்டோபர் 2 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், காற்று வராத உங்கள் வீட்டுத் திண்ணைதான் எவ்வகையிலும் ஏற்ற இடம்.

பெட்டியில் இருந்த கிளீனர்கள் மூன்றாம் வாரத்தில் தீர்ந்தன. நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு கடையில் பைப் கிளீனர் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் கொஞ்சமும் தயங்காமல், “கக்கூஸுக்கா, அடுக்களைக்கா அண்ணாச்சி?” என்று கேட்டு, அடைப்பு நீக்கும் பொடியை எடுத்து நீட்டினார். சுங்கான் என்று அகராதித் தமிழில் கேட்டிருந்தால் என்ன கொடுத்திருப்பாரோ! பிறகு, பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்காக எழுதுபொருள் கடையில் விற்கும் வண்ணக் கம்பிகளை வாங்கிப் பார்த்தேன். உருவத்தில் அதுவேதான் என்றாலும், அதன் இழை செயற்கை நாராக இருப்பதால் ஈரத்தை உறிஞ்சவில்லை. துளைக்குள் பச்சை நூல்களை உதிர்த்துவிட்டும் வந்தது. பஞ்சு சுற்றியதையே தேடி வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் புகைத்தபின் ஒன்றாவது தேவைப்படும்.

சுத்தம் செய்வதில் ஓர் எச்சரிக்கை: சூடாக இருக்கும்போது காம்பைத் திருகிக் கழற்றக் கூடாது. சூட்டில், காம்பு செருகும் மரக் கழுத்தும் காம்பின் முளையும் விரிந்து இறுகியிருக்கும். கழற்றினால் முளை முறியும். ஆறிய பின் கழற்றி, கிளீனரால் துடைத்து, காம்பைத் தனியாக வைத்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் பைப்பைத் தொடாமல் இருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஒருநாள் ஓய்வு போதும் என்று வேறிடத்தார் சொல்வது இங்கே செல்லாது. அவசரப்பட்டு ஆனியில் ஒருமுறை துணிப்பைக்குள் போட்டு வைத்ததில், நான்காம் நாள் கழுத்துத் துளைக்குள் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது. அந்தப் பை இப்போது கண்ணாடி துடைக்கப் பயன்படுகிறது. கல்லுப்பும் சாராயமும் நிரப்பி இரவு முழுக்க வைக்கும் வைத்தியம் நாட்பட்ட பழைய பைப்புகளின் நாற்றத்தைப் போக்குவதற்கானது. புதுப் பைப்புக்கு அது வேண்டாம், மரம் ஈரத்தைக் குடித்து வெடிக்க வாய்ப்புண்டு.

காம்பு எபோனைட் என்பது எனக்கு மகிழ்ச்சி. குலசேகரத்திலும் திருவட்டாரிலும் ரப்பர்ப் பாலோடு புழங்கியவர்களுக்கு அதன் மணம் உடனே பிடிபடும். ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றிக் கடினமாக்கியதே எபோனைட். பல்லுக்கு இதமாக இருக்கும். ஆனால் வெயில் பட்டால் பழுப்புப் பச்சையாக நிறம் மாறும். துடைத்தபின் ஒரு துளி எண்ணெய் தடவி நிழலில் வைக்கிறேன், இதுவரை கறுப்பு மங்கவில்லை.

வடிகட்டிதான் பெரிய ஏமாற்றம். காம்பு 9 மில்லிமீட்டர் வடிகட்டிக்காகக் குடையப்பட்டது. வடிகட்டி இல்லாமல் புகைத்தால் அந்த வெற்றிடத்தில் நீர் தங்கி, ஹூக்காவைப் போலக் களகளவென்று சத்தம் வரும். அந்த இடத்தை அடைக்கும் சிறு இணைப்புக் குழல் பெட்டியில் இருக்க வேண்டும் என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள், இல்லை. இரண்டு முறை எழுதிய பிறகு, பன்னிரண்டாம் நாள், “இருப்பு இல்லை” என்று ஒரு வரி பதில் வந்தது. பத்து வடிகட்டிகளும் தீர்ந்த நிலையில் தனியாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். வடிகட்டி போட்டுவிட்டால் கேடு நீங்கிவிடும் என்று அந்தத் தாள் சொல்வதையும் நம்ப வேண்டாம். புகையை உள்ளிழுக்காதவர்களுக்கும் பைப் வாய்ப்புற்றுநோயைத் தரக்கூடியதே.

எஃகுக் கருவியின் குத்தூசி முதல் வாரமே வளைந்தது, அமுக்கும் தட்டை மட்டும் பயன்படுத்துகிறேன். பைப்பைத் தனியாக 2,400 ரூபாய்க்கு அதே விற்பனையாளர் விற்கிறார். வாங்குவதானால் அதை வாங்கி, மீதி 800 ரூபாயில் பஞ்சுக் கிளீனர் இரண்டு கட்டும் இணைப்புக் குழல் ஒன்றும் வேறிடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிண்ணத்தை ஆல்கஹாலில் துடைக்க வெள்ளைத் துணியையே எடுங்கள், சாயம் உடனே தெரிந்துவிடும்.