லீடரா, சாரணரா, என்.சி.சி.யா?

பள்ளி திறந்த முதல் வாரத்தில் வாசலில் நிறுத்தி, "டீச்சர், எங்க பாப்பாவ லீடராப் போடுங்க. அப்பவாச்சும் நாலு பேர்கிட்ட பேசுவா" என்று கேட்கும் அம்மா வருடத்துக்கு ஒருவராவது இருக்கிறார். பிள்ளைக்குத் தலைமைப் பண்பு வர வேண்டும் என்ற அவர் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் லீடர் பதவி அதைத் தராது என்பதைப் பல வருடம் வகுப்பில் நின்று பார்த்துத்தான் சொல்கிறேன்.

நான் வெளியே போனதும் லீடர் என்ன செய்கிறாள்? சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதி அடிக்கோடு போடுகிறாள். கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. தோழியின் பெயர் மட்டும் நான் திரும்பி வருவதற்குள் அழிந்துவிடும். இதில் அந்தப் பிள்ளை கற்பது காவல் வேலை. வகுப்புக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்புகிறது. போதாததற்கு, முதல் ரேங்க் வாங்குபவருக்கே இந்தப் பதவியைக் கொடுத்து வைத்திருக்கிறோம். மாதம் ஒருவர் என்று மாற்றி, பெயர் எழுதுவதை நிறுத்தி, சத்துணவு வரிசையைக் கவனிப்பது, வாசிக்கத் திணறும் பிள்ளையோடு உட்காருவது என்று உண்மையான வேலை கொடுத்தால் லீடர் பதவிக்கும் அர்த்தம் உண்டு. 2024-இல் அரசுப் பள்ளிகளுக்கு வந்த மகிழ் முற்றம் என்ற திட்டம், பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. வகுப்பு லீடரைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குழுவுக்காக உழைக்க வேண்டியிருக்கிறதே.

என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படை வேறு ரகம். 1948-இல் சட்டம் போட்டு உருவானது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. பள்ளிப் பிரிவில் 13 வயதிலிருந்து சேரலாம். 'சாவ்தான்' (நேராக நில்), 'விஸ்ராம்' (இயல்பாக நில்) என்று மைதானமே அதிரக் கட்டளை கொடுக்கும் பிள்ளைக்குக் குரல் திறக்கிறது, முதுகு நிமிர்கிறது, நேரம் தவறுவதில்லை. கூனிக் குறுகி நடந்த பையன்கள் ஆறே மாதத்தில் மாறியதைப் பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் ராணுவம், காவல்துறை என்று யோசிக்கும் பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். ஆனால் அங்கே சொன்னதை மற்றவர்கள் செய்வது தோளில் இருக்கும் பட்டைக்காக. பட்டை இல்லாத இடத்தில் நாலு பேரை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதை அணிவகுப்பு மைதானம் அவ்வளவாகச் சொல்லித் தருவதில்லை.

அதைச் சொல்லித் தருவது சாரணர் (ஸ்கவுட்) இயக்கம். இந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவுக்குச் சுமார் 20 சிறுவர்களை அழைத்துப் போனார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். அவர்களைச் சின்னச் சின்ன அணிகளாகப் பிரித்து, அவர்களில் ஒருவனையே ஒவ்வோர் அணிக்கும் தலைவனாக்கினார். இன்றைக்கும் பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் அதே முறைதான்: ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி, அதற்கு ஒரு தலைவர், ஓர் உதவித் தலைவர்.

ஒரு முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். அணிக்கு அணி தனி அடுப்பு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓர் அணிக்குத் தலைவி. விறகு அடுக்கியது, அரிசி களைந்தது, உலை வைத்தது எல்லாம் அவளே. மற்றவர்கள் கைகட்டி நின்றார்கள். சோறு அடியில் தீய்ந்து மேலே நறுக்கரிசியாக இருந்தது. அதைத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் குறுக்கே போகவில்லை. அன்று ராத்திரி அவள் அணியை உட்கார வைத்து, "வீட்டுல யாராச்சும் சமைப்பீங்களாடி?" என்று கேட்டாள். அதுவரை வாயே திறக்காத ஏழாம் வகுப்புப் பிள்ளை மெல்லக் கையைத் தூக்கியது. அம்மா வேலைக்குப் போவதால் தினமும் உலை வைப்பது அதுதான். மறுநாள் காலை அந்தச் சின்னப் பெண் உப்புமா கிண்ட, தலைவி பக்கத்தில் நின்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். உப்புமா பொலபொலவென்று வந்திருந்தது.

இந்த இடத்துக்கு வகுப்பறையில் ஒரு பிள்ளையை என்னால் கொண்டுவர முடிந்ததில்லை.

குறை இல்லையா? உண்டு. பெயருக்குச் சாரணர் படை வைத்துக்கொண்டு, கொடியேற்றத்துக்கும் விருந்தினர் வரவேற்புக்கும் மட்டும் பிள்ளைகளுக்குச் சீருடை மாட்டிவிடும் பள்ளிகள் இருக்கின்றன. முகாமே போகாத படையில் சேர்ப்பதும் சேர்க்காததும் ஒன்றுதான். சேர்க்கும் முன், "போன வருஷம் எத்தனை ராத்திரி வெளியே தங்கினீங்க?" என்று சாரண ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கோடை விடுமுறையில் நடக்கும் ஆளுமை வளர்ச்சி வகுப்புகள். மேடைக் கூச்சம் போகும், மைக் பிடிக்க வரும். அதற்காக மட்டும் என்றால் சரி, அனுப்புங்கள்.

வாசலில் கேட்ட அம்மாவிடம், பாப்பாவைச் சாரணியர் படையில் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. வெள்ளிக்கிழமை மாலை முடிச்சுப் போடும் பயிற்சி. வந்து பாருங்கள் என்றிருக்கிறேன்.